பிரித்துப்போட்ட பிறகு என்ன மிஞ்சுகிறது? கட்டை கட்டும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

லெகோ கட்டைகளில் சொந்தமாக எதையாவது கட்டிக்கொண்டிருக்கிற நண்பர்களுக்கும், அந்தப் படைப்புகளை ஒன்றுசேர்த்து இணையத்தில் பார்வைக்கு வைக்கும் குழுக்களை நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம்.

போன மாதம் ஒரு கலங்கரை விளக்கத்தைத் தேடி மூன்று ராத்திரி உட்கார்ந்திருந்தேன். நம்மில் ஒருவர் சில வருடங்களுக்கு முன் கட்டியது. எட்டுப் பக்கச் சுவர், சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக, உச்சியில் ஒளி ஊடுருவும் மஞ்சள் கூண்டு. பார்த்து ரசிப்பதற்காக நான் தேடவில்லை, அந்தக் கோணமாகத் திரும்பிய சுவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. முதல் படம் ஒரு போட்டிக்கு வந்தவற்றின் வரிசையில் கிடைத்தது. இரண்டாவது, இந்த மாதம் என்ன கட்டினீர்கள் என்று எல்லோரும் கொட்டிவைக்கிற இடத்தில், நூற்றுக்கணக்கான படங்களுக்கு நடுவில். மூன்றாவது அவருடைய சொந்தத் தொகுப்பில், பெயர்கூட இல்லாமல். மூன்றுமே முன்பக்கத்திலிருந்து எடுத்தவை. கடைசியில் அவரையே கேட்டேன். “அண்ணே, அதைப் பிரிச்சு நாலு வருஷம் ஆச்சு, உள்ளே எப்படிப் பண்ணேன்னு எனக்கே ஞாபகம் இல்லை” என்றார்.

அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நான் கட்டியவற்றில் பாதிக்கு மேல் இதே கதிதான் ஆகியிருக்கிறது. ஆனால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை, அதனால்தான் இந்த மடல்.

மரத்தில் கப்பல் செய்கிறவர் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிடுவார், பேரப்பிள்ளைகள் வரைக்கும் அது இருக்கும். நம்முடையது அப்படி இல்லை. மேசையில் இடம் வேண்டும், அடுத்த வேலைக்கு அந்தச் சாம்பல் நிறப் பிளேட்டுகள், அதாவது தட்டையான கட்டைகள், வேண்டும், பிரித்துப் போட்டுவிடுகிறோம். அதில் தப்பும் இல்லை, பிரித்துத் திரும்பக் கட்டுவதற்காகவே செய்த பொருள் அது. மேலே குமிழும் உள்ளே குழாயுமாக ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் அந்த அமைப்புக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1958 ஜனவரியில். அந்தக் காலத்துக் கட்டை இன்றைக்கு வாங்குகிற கட்டையோடு பூட்டிக்கொள்கிறது. கட்டைக்கு அத்தனை ஆயுள், அதில் கட்டியதற்குத்தான் ஆயுள் இல்லை. ஆறு மாதம் உழைத்துக் கட்டிய கோட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் டப்பாக்களுக்குள் போய்விடுகிறது, அதற்குப் பிறகு அந்தக் கோட்டை என்று ஏதாவது இருக்கிறதென்றால் நாம் மற்றவர்களுக்குக் காட்டிவைத்தது மட்டும்தான் இருக்கிறது. அதைத்தான் நாம் இவ்வளவு அலட்சியமாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு படைப்புக்கு ஒரே இடம். அதன் முதல் கிறுக்கல், பாதியில் சரிந்து விழுந்த படம், முடிந்த பிறகு எடுத்த நல்ல படம், ஒரு வருடம் கழித்துக் கூரையை மாற்றிய படம் எல்லாம் அந்த ஒரே இடத்தில் இருக்கட்டும். போட்டியில் வைக்க வேண்டுமா, வையுங்கள், ஆனால் அங்கே ஒரு படமும் இந்த இடத்துக்கு ஒரு வழிகாட்டலும் போதும். மாதாந்தரக் குவியலில் போட வேண்டுமா, அங்கேயும் அதேதான்.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில் எனக்குத் தெரியும்: “ஆளுக்கு ஒரு இடம் கொடுத்துவிட்டோமே, அவரவர் தன் படைப்பையெல்லாம் அதில் வைக்கட்டுமே.” ஐந்தாறு படைப்பு இருக்கும்வரை அது நன்றாகத்தான் இருக்கும். முப்பதாவது படைப்பு வரும்போது ரயில் எஞ்சினுக்குப் பக்கத்தில் யானை, யானைக்குக் கீழே அந்த எஞ்சினின் சக்கரத்தை மாற்றிய படம், அதற்குக் கீழே யாரோ யானையைப் பற்றிக் கேட்ட கேள்வி என்று எல்லாம் பின்னிக்கொண்டு கிடக்கும். கட்டியவருக்கு அதில் ஒரு சிக்கலும் தெரியாது, அவருக்கு வரிசை மனப்பாடம். புதிதாக வருகிறவர்தான் திணறுவார். ஆள்வாரியாக வேண்டியது ஒரு பட்டியல் மட்டும்தான்: இன்னார் கட்டியவை இவை, இந்த வருடம், ஒவ்வொன்றுக்கும் போகும் வழி இது. பட்டியல் ஆளுடையது, இடம் படைப்புடையது. இந்த இரண்டையும் பிரித்துவிட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சின்னச் சின்ன வேலைகளுக்கு இது பொருந்தாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். இருபது கட்டையில் ஒரு தவளை, உள்ளங்கையில் அடங்கும் ஒரு நாற்காலி, ஒரு சாயங்காலத்தில் கட்டி முடித்த மரம். இதற்கெல்லாம் தனித்தனி இடம் கொடுத்தால் பெரியவை அவற்றுக்கு அடியில் புதைந்துபோகும், கட்டியவருக்கும் இவ்வளவு சின்னதற்கா என்று கூச்சமாக இருக்கும். சின்னவற்றுக்கு ஒரு பொதுத் திண்ணை இருக்கட்டும். அங்கே யாரும் எதையும் விளக்க வேண்டாம், வந்து வைத்துவிட்டுப் போகலாம். எது சின்னது, எது பெரியது என்று கட்டை எண்ணிக்கையை வைத்துச் சட்டம் போடாதீர்கள். இதைப் பற்றி இரண்டு பேர் கேள்வி கேட்பார்கள் என்று கட்டியவருக்குத் தோன்றினால் அது தனி இடத்துக்கு உரியது, அவ்வளவுதான். எண்பது கட்டையில் கட்டிய ஒரு பூட்டைப் பற்றி நாற்பது கேள்வி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு மூன்று வருடம் இழுக்கிற பெரிய வேலைகளுக்கு இன்னொன்றும் வேண்டும். முடிந்த படம் எப்போதும் முதலில் வரட்டும், வளர்ந்த கதை அதற்குக் கீழே தேதி வரிசையில் வரட்டும். இப்போது என்ன நடக்கிறதென்றால், முதலில் வெறும் அடித்தட்டும் நான்கு சுவரும், அதற்கு அப்புறம் எங்கேயோ ஆழத்தில் முடிந்த கோபுரம். அதுவரை பொறுமையாகப் போகிறவர்கள் எத்தனை பேர்? அதே சமயம் பழைய படங்களை அசிங்கமாக இருக்கிறது என்று தயவுசெய்து நீக்கிவிடாதீர்கள். நான் அதிகம் கற்றுக்கொண்டது அந்தப் பாதிப் படங்களில்தான், ஏனென்றால் அவற்றில்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்.

உள்பக்கம் எவ்வளவு முக்கியம் என்பதை அந்தக் கலங்கரை விளக்கத்தை வைத்தே சொல்கிறேன். எட்டுப் பக்கம் என்றால் நான்கு சுவர் நேராக நிற்கும், நான்கு 45 பாகையில் திரும்பும். நேர்ச் சுவரில் ஒரு வம்பும் இல்லை. கோணமாகத் திரும்பிய சுவர்தான் குமிழ்களின் கட்டத்தில் உட்காராது. நம் கட்டத்தில் ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 8 மில்லிமீட்டர். குறுக்காகப் போகும்போது மூன்று, நான்கு, ஐந்து என்ற பிதாகரஸ் முக்கோணம் கச்சிதமாகப் பொருந்தும் என்று நமக்கெல்லாம் தெரியும், ஆனால் அது 45 பாகை ஆகாது. 45 வேண்டுமென்றால் ஐந்துக்கு ஐந்து வைத்து, குறுக்கே ஏழு வைக்க வேண்டும். ஐந்தின் வர்க்கத்தை இரண்டு முறை கூட்டினால் 50, ஏழின் வர்க்கம் 49. அந்த ஒன்று எங்கே போகிறது? கணக்குப் போட்டால் அரை மில்லிக்குச் சற்று மேல் இடைவெளி வருகிறது. சுவரின் இரண்டு பக்கமும் கீல் வைத்துப் பூட்டினால் அந்த அரை மில்லி கட்டைகளை இழுத்துக்கொண்டே இருக்கும், பிடிப்பு தளர்ந்துகொண்டே வரும். நான் மேசையில் நான்கு முறை கட்டிப் பார்த்தேன், மூன்று முறை மேல் வரிசை வைத்ததும் கீல் ‘டக்’ என்று கழன்றது. நான்காம் முறை ஒரு பக்கம் மட்டும் கீல் வைத்து, மறுபக்கத்தைக் குமிழே இல்லாத வழவழப்பான டைல்மேல் சும்மா சாய்த்து வைத்தேன். நின்றது. தட்டினாலும் நின்றது. அவரும் இதைத்தான் செய்திருப்பார் என்று நினைக்கிறேன், கூரையைக் கழற்றிவிட்டு மேலிருந்து எடுத்த ஒரே ஒரு படம் இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். நான்கு முறை கட்டிப் பார்த்ததில் எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் அவர் கண்டுபிடித்தது அவரிடமே இல்லாமல் போனதுதான் மனசை அறுக்கிறது.

அதனால் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, கீழ்ப்பக்கம் ஒன்று, திறந்துவைத்த உள்பக்கம் ஒன்று என்று நான்கு படமாவது வையுங்கள். பிரிக்கும் நாளில் கேமராவைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, ஒரு அடுக்கைக் கழற்றினால் ஒரு படம் என்று எடுத்துக்கொண்டே வாருங்கள். எப்படியும் பிரிக்கத்தான் போகிறீர்கள், அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு செய்முறைக் கையேடே கிடைத்துவிடும். படங்களைத் தலைகீழ் வரிசையில் பார்த்தால் கட்டும் முறை. நன்றாக எடுக்க ஸ்டூடியோ விளக்கெல்லாம் தேவையில்லை. ஜன்னல் பக்கம் ஒரு வெள்ளை அட்டையை வளைத்து வைத்து, ஃபிளாஷை அணைத்துவிட்டு எடுத்தாலே போதும். கறுப்புக் கட்டைக்கு மட்டும் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் கொடுங்கள், இல்லையென்றால் விளிம்பே தெரியாது.

அடுத்தது பாகங்களின் பெயர். ‘அந்தப் பக்கவாட்டில் குழி இருக்கிற ஒத்தைக் கட்டை’ என்று ஒருவர் எழுதுகிறார், ‘ஹெட்லைட் கட்டை’ என்று இன்னொருவர், ‘எர்லிங்’ என்று மூன்றாமவர். மூன்றும் ஒன்றுதான், அதன் எண் 4070. பக்கத்தில் ஒரு குமிழ் நீட்டிக்கொண்டிருக்கிற இன்னொரு ஒத்தைக் கட்டை இருக்கிறது, அது 87087. இரண்டும் பார்வைக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி இருக்கும், ஆனால் 4070-இல் குமிழ் முகத்திலிருந்து உள்வாங்கி இருக்கும், 87087-இல் வெளியே நிற்கும், ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் சுவர் தள்ளிப்போய்விடும். எண்ணைச் சொல்லிவிட்டால் எந்த மொழிக்காரரும் தேடி எடுத்துக்கொள்வார். எல்லா பாகத்துக்கும் எண் எழுதச் சொல்லவில்லை, சுவர் கட்டிய சாதாரணக் கட்டைகளை விடுங்கள், எதனால் அந்த வேலை சாத்தியமானதோ அந்த ஐந்தாறு பாகத்துக்கு மட்டும் எழுதுங்கள். நிறத்தையும் தெளிவாகச் சொல்லுங்கள், முக்கியமாகச் சாம்பலை. 2004-ஐ ஒட்டிச் சாம்பல் நிறங்கள் மாறி, கொஞ்சம் நீலம் கலந்ததாக ஆனது பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். வெறுமனே சாம்பல் என்று எழுதினால் எந்தச் சாம்பல் என்று வாங்குகிறவர் தவிப்பார், இரண்டையும் கலந்து கட்டினால் சுவர் தேமல் விழுந்த மாதிரி ஆகிவிடும்.

கணினியில் வரைந்து கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்த மென்பொருளில் வேண்டுமானாலும் கட்டுங்கள், ஆனால் பகிரும்போது எல்டிரா (LDraw) என்ற கோப்பு வடிவத்தில் ஒரு பிரதியும் சேர்த்து வையுங்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜெசிமன் 1995-இல் உருவாக்கியது அது. அவர் 1997-இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். ஆனால் எல்டிரா நிற்கவில்லை, அவர் விட்ட இடத்திலிருந்து ஆர்வலர்கள் பாகம் பாகமாக வரைந்து சேர்த்துக்கொண்டே வருகிறார்கள். அது எப்படிச் சாத்தியமானது என்று அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால் புரியும். வெறும் எழுத்துதான். ஒரு பாகத்துக்கு ஒரு வரி: முதலில் 1 என்ற எண், அடுத்து நிறத்தின் எண், 4 என்றால் சிவப்பு, அப்புறம் அந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்பதற்கு மூன்று எண்கள், எப்படித் திரும்பியிருக்கிறது என்பதற்கு ஒன்பது எண்கள், கடைசியில் பாகத்தின் பெயர், 3001 என்றால் இரண்டுக்கு நான்கு கட்டை. எந்தக் கணினியிலும் எந்தக் காலத்திலும் திறந்து படிக்கலாம். மறுபக்கம், லெகோ நிறுவனமே கொடுத்துவந்த டிஜிட்டல் டிசைனர் என்ற மென்பொருள் 2022-இல் நிறுத்தப்பட்டது. அதில் மட்டும் சேமித்து வைத்திருந்தவர்கள் தங்கள் கோப்புகளை வேறு மென்பொருளுக்கு மாற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. நிறுவனம் கொடுப்பது ஒருநாள் நிற்கும், நம்மவர்கள் திறந்துவைத்தது நிற்காது.

கணினியில் மட்டும் கட்டியதாக இருந்தால் அதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அதில் எந்த மதிப்புக் குறைவும் இல்லை, கையில் ஐந்நூறு கட்டை மட்டும் வைத்திருக்கிற ஒருவர் திரையில் அரண்மனை கட்டுவதைப் பார்த்து நான் மலைத்திருக்கிறேன். ஆனால் திரையில் புவியீர்ப்பு இல்லை. ஒற்றைக் குமிழில் தொங்குகிற பால்கனி அங்கே விழாது, எந்தக் காலத்திலும் வார்க்கப்படாத நிறத்தில் ஒரு பாகம் அங்கே கிடைக்கும். அதை நம்பி ஒருவர் பாகங்களை வாங்கிவிட்டுத் திண்டாடக் கூடாது. ‘திரையில் மட்டும்’, ‘கையால் கட்டிப் பார்த்தது’ என்ற இரண்டில் ஒன்று மேலேயே இருந்தால் போதும்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம், யாரைப் பார்த்துக் கட்டினோம் என்பது. எனக்குத் தெரிந்த ஒரு பையன், பள்ளியில் படிக்கிறவன், பறவையின் சிறகு மடங்குகிற ஒரு இணைப்பைக் கண்டுபிடித்தான். சின்ன உருண்டை மூட்டு இரண்டு, நடுவில் ஒரு கிளிப், அவ்வளவுதான், ஆனால் அதுவரை நான் எங்கேயும் பார்த்ததில்லை. இரண்டு மாதம் கழித்து அதே இணைப்பு நன்கு பெயர் பெற்ற ஒருவரின் கொக்கில் இருந்தது, அழகான படம், ஏகப்பட்ட பாராட்டு, பையனின் பெயர் மட்டும் இல்லை. அவர் வேண்டுமென்றே செய்தார் என்று நான் சொல்லவில்லை, எங்கே பார்த்தோம் என்று மறந்திருக்கலாம். ஆனால் பையன் அதற்குப் பிறகு எதையும் வெளியே காட்டுவதில்லை. கேட்டால் “சும்மா வச்சிருக்கேன் மாமா” என்கிறான். அவனுடைய டப்பாவுக்குள் இப்போது என்னென்ன இருக்கிறதோ, நமக்குத் தெரியப்போவதில்லை.

எல்லாவற்றுக்கும் நன்றி எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. ஐந்து பிளேட்டின் உயரம் இரண்டு குமிழின் அகலத்துக்குச் சமம், பிளேட்டின் உயரமான 3.2 மில்லியை ஐந்தால் பெருக்கினாலும் 8-ஐ இரண்டால் பெருக்கினாலும் 16 என்பதெல்லாம் யாருடைய சொத்தும் இல்லை, கட்டைக்குள்ளேயே இருக்கிற கணக்கு. பக்கவாட்டில் குமிழ் திருப்பிக் கட்டுவதும் அப்படியே. ஆனால் ஒரு குறிப்பிட்ட ஆளின் குறிப்பிட்ட வேலையைப் பார்த்து, இதை நம்முடையதில் போடலாம் என்று மனசில் தோன்றியதே, அந்த நேரம் உங்களுக்குத் தெரியும். அப்போதே பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், பகிரும்போது ஒரு வரியில் எழுதிவிடுங்கள். செய்முறைக் கையேட்டைக் காசுக்கு விற்கிறவர்களும் இருக்கிறார்கள், தாராளமாக விற்கட்டும், மாதக்கணக்கில் உழைத்ததற்கு அது நியாயம். அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், பாதிப் படம் காட்டி ஆவலைத் தூண்டி, உள்ளே எப்படி என்று கேட்கிறவரிடம் கடைசியில் விலையைச் சொல்வது அவருக்குச் சங்கடம். மற்றவர் உங்கள் வேலையைப் பார்த்துக் கட்டலாமா, மாற்றலாமா, விற்கலாமா என்பதையும் ஒரு வரியில் எழுதி வையுங்கள். எழுதாமல் விட்டதால் வந்த சண்டைகள்தான் அதிகம்.

விமர்சனத்துக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். சிலர் காட்டிச் சந்தோஷப்பட வருகிறார்கள், சிலர் எங்கே தப்பு என்று கேட்க வருகிறார்கள், இரண்டும் வேறு. ‘குறை சொல்லுங்கள்’ என்று கட்டியவர் கேட்டிருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், ‘சூப்பர்’ என்ற ஒற்றை வார்த்தை அவருக்கு உதவாது. கேட்காவிட்டால் முதல் படைப்போடு வருகிறவரிடம் போய் நிறப் பொருத்தத்தைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம்.

குழு நடத்துகிறவர்களே, உங்களிடம் தனியாகக் கேட்பது இரண்டு. ஒன்று, படைப்பை வைக்கும்போது பெயர், கட்டிய வருடம், கையாலா திரையிலா, யாரைப் பார்த்து என்ற நான்கையும் கேட்டு வாங்குங்கள். நான்குக்கு மேல் கேட்காதீர்கள், பதினைந்து கட்டம் நிரப்பச் சொன்னால் யாரும் எதையும் வைக்க மாட்டார்கள். இரண்டாவது, படங்கள் எங்கே இருக்கின்றன என்று யோசியுங்கள். நம் வட்டாரத்தின் பழைய படக் கிடங்கான பிரிக்ஷெல்ஃப் 2007 ஜூலையில் மூடப்போவதாகத் திடீரென்று அறிவித்தபோது உலகம் முழுக்கக் கட்டை கட்டுகிறவர்கள் பதறினார்கள். நல்லவேளை, கட்டணக் கணக்கோடு அது தொடர்ந்தது. 2017-இல் போட்டோபக்கெட் என்ற படச் சேமிப்புத் தளம் தன்னிடம் உள்ள படங்களை வேறு தளங்களில் காட்டுவதைக் கட்டணச் சேவையாக்கியபோது அந்த நல்லவேளை பலருக்குக் கிடைக்கவில்லை, எல்லா விதமான பொழுதுபோக்குக்காரர்களின் பல வருடத்துப் படங்களும் திடீரென்று வெற்றுக் கட்டங்களாகின. வெளியே எங்கேயோ இருக்கிற படத்தைச் சுட்டிக்காட்டிவிட்டு அதையே சேகரிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம். பிரதி உங்களிடமும் இருக்கட்டும், கட்டியவரிடமும் இருக்கட்டும். ஒருநாள் நடத்த முடியாமல் போனால், அது யாருக்கும் வரலாம், மூடுவதற்கு முன் எல்லோரும் எடுத்துக்கொண்டு போக மூன்று மாதமாவது அவகாசம் கொடுங்கள்.

கலங்கரை விளக்கத்தைக் கட்டியவரிடம் என் நான்காவது முயற்சியின் படத்தை அனுப்பினேன். டைல்மேல் சாய்ந்திருக்கிற அந்தச் சுவர் முனையைப் பார்த்ததும் அவருக்கு மெல்ல ஞாபகம் வந்திருக்கிறது. அவருடையதில் டைலுக்கு மேல் இன்னொரு டைல் தலைகீழாக வந்து சுவரை மேலிருந்து லேசாக அமுக்குமாம். அடுத்த வாரம் இரண்டு பேரும் சேர்ந்து திரும்பக் கட்டப்போகிறோம். அவர் பெயரில், ஒரே இடத்தில், பழைய மூன்று படத்தையும் புதிய உள்பக்கப் படங்களையும் சேர்த்து வைக்கிறோம். பையனையும் கூப்பிட்டிருக்கிறேன், யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.

அன்புடன்,
உங்களோடு கட்டிக்கொண்டிருக்கிற ஒருவன்